உருக்கின் இரைச்சல்: ஒரு மதிப்பீடு

உருக்கைச் சிதைக்காது அதன் மேற்பரப்பைச் சோதிக்கும் முறைகளுள் காந்த இரைச்சல் முறையும் ஒன்று. 1919 இல் ஜேர்மனிய அறிஞர் ஹைன்றிக் பார்க்கௌசன், இரும்பின் காந்தமாக்கம் சீராக அன்றிச் சிறு பாய்ச்சல்களாக நிகழ்வதைக் கண்டார். காந்த ஆட்சிகளைப் பிரிக்கும் சுவர்கள், பளிங்கு மணிகளின் எல்லைகளிலும் காபைட்டுத் துணிக்கைகளிலும் தடைப்பட்டுத் திடீரென விடுபடுகின்றன. அவ்வேளை சுருளில் தோன்றும் மின் துடிப்புகளே இவ்விரைச்சலாகும்.

இம்முறையின் பலமும் பலவீனமும் ஒரே இயல்பின் இரு பக்கங்கள் என்பதே எமது கருத்து. காந்தமாக்கும் திசையிலுள்ள இழுவைத் தகைப்பு இரைச்சலைக் கூட்டும். நெருக்கல் தகைப்பு குறைக்கும். வன்மை கூடினாலும் இரைச்சல் குறையும். ஆகவே கருவி தரும் எண் ஒன்று, காரணங்களோ இரண்டு. அரைத்தலின் வெப்பத்தாற் பற்சில்லொன்றின் மேற்பரப்பு மென்மையடைந்து, இழுவைத் தகைப்பும் எஞ்சுமாயின், இரண்டும் இரைச்சலைக் கூட்டுவதாற் பழுது எளிதிற் புலப்படும். வெப்பம் மேலும் மிகுந்து மேற்படை மீளக் கடினமாகிவிடின் அங்கு இரைச்சல் குறையக்கூடும். தாழ்ந்த எண்ணையே நலத்தின் சான்றாகக் கொள்வோர், மிகக் கேடுற்ற உறுப்பையே ஏற்றுக்கொள்ள நேரும்.

மேலும், உருக்கினுள் எழும் சுழல் மின்னோட்டங்கள் துடிப்புகளை நலிவிப்பதால், இச்சோதனை வழக்கமாக ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழத்தையே அறியும். எண்ணின் பொருள் உருக்குக்கு உருக்கு மாறுவதால், எக்ஸ் கதிர்க் கோணல் முறையுடன் ஒப்பிட்டு அளவுதிருத்தம் செய்தல் இன்றியமையாதது. அஃதின்றி இதனைத் தகைப்புமானி என அழைத்தல் பொருந்தாது. ஐயத்தை விரைந்து எழுப்பும் கருவியாக இதனை வரவேற்கின்றோம். தீர்ப்பு வழங்கும் கருவியாக அன்று.