விலை தெரியாத நாக்கு

கோத் து ரோன் சிவப்பு வைனை வாங்கியதற்கு ஒரே காரணம், விலை கம்மி. தென்கிழக்கு பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கிலிருந்து வருவது. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் என்று மூன்று திராட்சைகளின் கலவை. பழ வாசனையும் போதையும் கிரெனாஷ் தருவது, நிறமும் மிளகு வாசமும் சிராவின் பங்கு, துவர்ப்புக்கு மூர்வெத்ர்.

முதல் வாய் ஏமாற்றம்தான். சாராய நெடி முன்னால வந்து நின்றது. 'இந்த விலைக்கு இவ்ளோதான்' என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

2001இல் ஓர் ஆய்வு வெளியானது. போர்தோவில் 54 பேரிடம் வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அதை சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். அவர்களுக்கு நாக்கை முந்திக்கொண்டு கண் பேசியது. எனக்கு விலைச்சீட்டு பேசியிருக்கிறது.

உண்மையில் தப்பு என்னுடையது. சூடான அறையில் வைத்திருந்த பாட்டில் அது. சூடு ஏறினால் ஆல்கஹால்தான் மூக்கில் முதலில் ஏறும். இருபது நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து மறுபடி ஊற்றினேன். நெடி பின்வாங்கியது. செர்ரி வந்தது, பின்னாலேயே மிளகு. நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி லேசான துவர்ப்பு.

குறை இல்லாமல் இல்லை. விழுங்கியதும் சுவை சட்டென்று அறுந்துபோகிறது. நல்ல வைன் இன்னும் கொஞ்சம் நின்று பேசும். நடுவில் ஒரு வெறுமையும் உண்டு. ஆனால் இவை வைனின் குறைகள். முதலில் நான் சொன்னது அதன் விலையைப் பற்றிய கருத்து மட்டும்தான். பதிப்பகத்தின் பெயரைப் பார்த்தே நாவலை மூடி வைக்கிற நமக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.