தும்பித் தோலும் கண்ணாடிச் சில்லும்

சிட்லிங்கி லம்பாடிப் பெண்களின் தையலைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஒரு இடத்தில் வந்து உருகிப்போகிறார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு வந்த தையலைப் போடுகிறார்கள் என்கிற இடம் அது. உருகட்டும், தப்பில்லை. ஆனால் இதே தருமபுரி மாவட்டத்தில் இன்னொரு வீட்டு வாசலிலும் தையல் நடந்தது. அங்கேயும் பாட்டி இருந்தாள், பிள்ளை இருந்தது. அதைப் பார்த்து ஒருத்தரும் உருகவில்லை. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனார்கள்.

எங்க வீட்டைத்தான் சொல்கிறேன். தாத்தா கவலைத் தும்பி தைத்தவர். கவலை ஓட்டத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிணற்றில் இறங்கும் சாலுக்கு அடியில் தோலால் ஆன நீண்ட குழாய் இருக்கும். அதுதான் தும்பி. மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே ஏறும். தும்பியின் வாயை ஒரு சின்னக் கயிறு தூக்கிப் பிடித்திருக்கும். மேலே வந்ததும் வாய் தொட்டியில் சாய்ந்து தண்ணீர் கொட்டும். தையலில் ஒரு துளி இடைவெளி இருந்தாலும் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். அந்தத் தையலை நூல் போடாமல் தோல் வாரிலேயே தாத்தா தைப்பார். குத்தூசி, வார், இரண்டு கை. வேறெதுவும் கிடையாது. மழை பொய்த்துப்போகும் இந்தச் சீமையில் மின்சார மோட்டார் வருகிற வரைக்கும் பயிர் பிழைத்தது இப்படிப்பட்ட தையலால்.

தோல் எப்படி வந்தது? ஊரில் மாடு செத்தால் ஆள் வரும். வருகிறவனுக்குப் பத்து வயசு, தாத்தாவுக்கு அறுபது. 'டேய்' என்றுதான் கூப்பிடுவான். தூக்கி வந்து உரித்து, சுண்ணாம்பில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, ஆவாரம்பட்டைச் சாறில் பதப்படுத்த வேண்டும். தோலையே பைபோல மூட்டி, சாறு நிரப்பி, மரத்தில் தொங்கவிடுவார்கள். பட்டை உரித்து வருவது அவ்வா. இடிப்பது அம்மா. சாமை குத்துகிற உரலும் அதுதான். 'எத்தன தண்ணி ஊத்திக் கழுவினாலும் சோத்துல அந்தத் தொவர்ப்பு வரும்டா' என்று அம்மா சொல்லும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்குக் காரணம் அந்த வாடை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தொழிலை விட்ட பிறகும் யாரும் உட்காரவில்லை.

இன்னொன்று. தாத்தா தைத்த தோலுக்குள் ஓடி வந்த தண்ணீரில் ஊரே குளித்தது, மாடு குடித்தது, நெல் விளைந்தது. தீட்டு இல்லை. அதே கிணற்றில் தாத்தா படி இறங்கினால் தீட்டு. கூலியோ, அறுப்பு முடிந்து களத்து ஓரத்தில் நின்றால் முறத்தில் அள்ளிப் போடுவது.

இதை நம் எழுத்து எப்படிப் பார்த்திருக்கிறது? பூமணியின் 'பிறகு' 1979-ல் வந்தது. ஊருக்குச் செருப்பும் கமலைத் தோலும் தைத்துக்கொடுக்கிற அழகிரி அதில் இருக்கிறான். அவன் தொழிலைப் பூமணி அருவருப்பும் இல்லாமல், பூஜையும் போடாமல் எழுதினார். அது அன்றைக்குப் பெரிய காரியம், இன்றைக்கும்தான். டி. செல்வராஜின் 'தோல்' (2010) திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் நாவல். 2012-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. அங்கே தோல் ஆலைக்குப் போய்விடுகிறது, கூலியும் சங்கமும் வருகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் என் அம்மாவின் உரல் விடுபட்டு நிற்பதாக எனக்குப் படுகிறது. அடுப்புக்கும் சுண்ணாம்புக் குழிக்கும் பத்தடி தூரம் என்கிற குடும்ப வாழ்க்கையை, அதிலும் வடமாவட்டத்து வாழ்க்கையை, இன்னும் யாரோ எழுத வேண்டியிருக்கிறது.

அப்படி எழுதப் போகிறவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தொண்ணூறுகளில் பறையை நாம் மேடையேற்றினோம். இழிவு என்றதைக் கலை என்றோம். அதே வேலையைத் தும்பிக்கும் செய்யலாமா? காந்தி 1934-ல் 'ஹரிஜன்' இதழில் கிராமத்துத் தோல் பதனிடுதலை வளர்க்கச் சொல்லி எழுதினார். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1927-ல், மகாடில் அம்பேத்கர் செத்த மாட்டு இறைச்சியை விடச் சொல்லியிருந்தார். என் அம்மாவுக்கு இரண்டு பேர் எழுத்தும் தெரியாது. அது அம்பேத்கர் பக்கம். 'நல்ல கைவேலைன்னு நீ எழுது சாமி, நாத்தத்த யாரு சொமந்தாங்கறதயும் எழுது' என்றது.

தோல் வேலைக்குப் பெருமை கிடைக்காமலும் இல்லை. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019-ல் புவிசார் குறியீடு தந்தார்கள். 2025 ஜூனில் மிலான் நகரத்தில் பிராடா கம்பெனி அதே சாயலில் செருப்பு காட்டியபோது இந்தியப் பாரம்பரியம் களவு போனதாகக் கூச்சல் எழுந்தது. அந்தச் செருப்பைத் தைக்கிற கை தலித் கை என்பது கூச்சலில் எங்கோ ஓரத்தில் கிடந்தது. விலை ஏறினால் பொருள் நாட்டுடையது, வாடை அடித்தால் சாதியுடையது.

இதை வைத்து லம்பாடிப் பெண்களோடு சண்டைக்குப் போகக் கூடாது. உப்பும் தானியமும் மாட்டுப் பொதியில் சுமந்து திரிந்த சனம். ரயில் வந்து அந்தப் பிழைப்பைத் தின்றது. கர்நாடகத்தில் அவர்கள் பட்டியல் சாதி, ஆந்திரத்தில் பழங்குடி, இங்கே பிற்படுத்தப்பட்டோர். ஒரே தையல், மூன்று பட்டியல்! பாவாடையில் கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்துத் தைத்ததைத் தங்களுக்காகத் தைத்தார்கள். எவனும் 'டேய்' போட்டு வாங்கிப் போனதில்லை. சேலைக்கு மாறியதும் தையல் மங்கியது. மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் சிட்லிங்கியில் தொடங்கிய மருத்துவ வேலையின் தொடர்ச்சியாகப் பிறகு 'போர்கை' வந்தது. அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். திருப்பூருக்குப் பஸ் ஏறாமல் ஊரிலேயே ஒரு பெண்ணுக்குக் கூலி கிடைக்கிறது என்றால் அது நிஜமான சங்கதி. விமர்சகர்கள்தான் அந்தக் கூலியைப் பேசாமல் திண்ணையைப் பேசுகிறார்கள். ஒரு தலையணை உறைக்கு எத்தனை நாள், கண்ணுக்கு என்ன ஆகிறது, விலையில் தைத்தவளுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினால் அது விமர்சனம்.

தாத்தாவின் குத்தூசியை நான் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாத்தா செத்த வருஷமே அம்மா அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டது. அவன் கொடுத்த பேரீச்சம்பழத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்தது. தின்றேன்.