கடைசிப் பயிற்சி

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறிக்குழியில் காலை இறக்கி நாளெல்லாம் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் முதுகுவலியின் முழு வரலாறும் சொல்வார்கள். அதனாலேயே வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி மேல் எனக்குத் தனிப் பிரியம். 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உழைத்துக் களைத்த உடம்பை அறிந்தவர் வகுத்த முறை இது என்பது செய்யச் செய்யப் புரியும்.

கை, கால், மூச்சு, கண், கபாலபதி, மகராசனம் என்று வரிசை போகும். தலைகீழாக நிற்கும் வித்தை எதுவும் கிடையாது. நான் மிகவும் ரசிப்பது கடைசியில் வரும் உடல் தளர்த்தலை. மல்லாந்து படுத்து, ஒவ்வோர் உறுப்பாக நினைத்து நினைத்து இளக்க வேண்டும். ஒரு கோரைப்பாய் போதும். தாடை இத்தனை நேரம் இறுகிக் கிடந்தது அப்போதுதான் தெரியவரும். யார்மீது கோபம் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

அந்தக் கோபத்துக்கும், கவலைக்கும் அவரிடம் பயிற்சி உண்டு: அகத்தாய்வு. கவலைகளைத் தாளில் எழுதி நான்காகப் பிரிக்கச் சொன்னார்: அனுபவித்தே தீர வேண்டியவை, ஒத்திப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. இவ்வளவு நடைமுறைக்கு உகந்த தத்துவம் அபூர்வம்.

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பலர் உடல் தளர்த்தலை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.