கொழுந்து நிறுவையும் வகுப்பறையும்: மலையக ஆரம்பக் கல்வியிற் கருப்பொருள் அலகு பற்றி ஒரு நோக்கு

ஒரு கருப்பொருளை நடுவே நிறுத்தி, மொழி, கணிதம், சுற்றாடல், சித்திரம் ஆகியவற்றை அதனோடு பிணைத்துக் கற்பிக்கும் முறை இலங்கைக்குப் புதிதன்று. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளில் விஞ்ஞானத்தையும் சமூகக் கல்வியையும் ஒருங்கிணைத்தது. 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடத்தைத் தொனிப்பொருள்களின் அடிப்படையிலேயே அமைத்தது. இத்தகைய அலகுகளோடு தொழில்நுட்பமும் சேரவேண்டும் என்ற குரல் இப்பொழுது ஓங்கியுள்ளது. அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தோட்டப் பாடசாலைகளில் அக்குரல் என்ன பொருள் தருகின்றது என்பது ஆராய்தற்குரியது.

'தேயிலை' என்னும் அலகை எடுத்துக்கொள்ளலாம். தாளின் நடுவே ஒரு வட்டம். அதனுள் 'தேயிலை' என்ற சொல். மொழிக்கு ஒரு பாட்டு. கணிதத்துக்கு இலைகளை எண்ணுதல். சித்திரத்துக்கு இலைக்கு நிறந்தீட்டல். வரலாற்றுக்கு 1867இல் லூல்கந்தூரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர். ஈற்றில் தொழில்நுட்பத்துக்குத் தொழிற்சாலை பற்றிய ஓர் ஒளிப்படம். வழமையான அலகுத் திட்டம் இவ்வாறே அமைகின்றது. இங்கே பாடங்களை இணைப்பது தேயிலை என்ற சொல்லேயன்றித் தேயிலை என்ற பொருள் அன்று. ஒரு பாடத்தை நீக்கினாலும் மற்றவை குறைவுறா. விடிந்தும் விடியாத பொழுதிற் பெரட்டுக்குச் செல்லும் தாயைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, அது முன்னரே அறிந்ததையே வண்ணந்தீட்டிக் காட்டுவது கற்பித்தல் ஆகாது. தமிழ் மரபிற் கருப்பொருள் என்பது வெறுந் தலைப்பும் அன்று. தெய்வம், உணவு, மரம், பறை, தொழில் என நிலத்தோடு பிறந்தவற்றையே தொல்காப்பியர் அவ்வாறு வகுத்தார். குறிஞ்சி நிலத்துக்குத் தேயிலை வந்தேறிய பயிராயினும், அதனைச் சுற்றிய தொழிலும் கூலியும் இன்று அந்நிலத்தின் கருப்பொருள்களே.

அதே மலையில், கொழுந்து நிறுவை என்னும் அலகு முற்றிலும் வேறாக அமையும். பறித்த கொழுந்து நாளிற் பலமுறை நிறுக்கப்படுகின்றது. சாக்குக்கும் ஈரத்துக்குமெனச் சில கிலோ கழிக்கப்படுகின்றது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் குறித்த அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிடின் அரைப்பேர். இங்கே கழித்தலின்றிப் பேர் விளங்காது. துண்டிலுள்ள சுருக்கெழுத்துகளை வாசிக்காமற் கழித்தலைச் செய்ய இயலாது. ஈரக் கொழுந்து ஏன் பாரங்கூடியது என்பதை அறியாமல் அக்கழிவு நியாயமானதா என்று கேட்க முடியாது. ஏறத்தாழ 4 1/2 கிலோ பச்சைக் கொழுந்து 1 கிலோத் தேயிலையாகச் சுருங்கும் கணக்கு விஞ்ஞானமாகவும் விரிகின்றது. நாட்சம்பளம் 2021 மார்ச்சில் வர்த்தமானி மூலம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட பின்னர், பறிக்க வேண்டிய கிலோ அளவு பற்றித் தோட்டங்களில் எழுந்த தகராறு சமூகக் கல்வியாகின்றது. ஒரு பாடம் மற்றொன்றை வேண்டிநிற்பதே ஒருங்கிணைப்பு.

தொழில்நுட்பத்தின் இடமும் இதனாலேயே துலங்கும். அரைக் கிலோக் கொழுந்தை வகுப்பறையிற் பரப்பி, மணிக்கொருதரம் ஆசிரியரின் கைத்தொலைபேசியிற் படமெடுத்து, நிறுத்து எழுதினால், கண்ணுக்குத் தெரியாத வாடுதல் வரிசையாகத் தெரியும். ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒருங்கே பார்க்கும் பாடசாலையில், முதலாந்தரப் பிள்ளை எது பாரம், எது இலேசு என ஒப்பிடலாம்; மூன்றாந்தரப் பிள்ளை கிராமில் எழுதலாம்; ஐந்தாந்தரப் பிள்ளை வரைபு கீறலாம். எழுத்துத் தடுமாறும் பிள்ளை, பாட்டியிடம் பழைய நிறுவை பற்றிக் கேட்டுக் குரலைப் பதிவுசெய்து வரலாம். லயத்துப் பேச்சும் அவ்வாறே வகுப்பறைக்குள் நுழைகின்றது. பாடநூல் தமிழுக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரத்தை மறைப்பதிலும் பார்க்க அளந்து காட்டுவதே நன்று.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. தொலைக்காட்சியிலும் கைத்தொலைபேசியிலும் வந்த பாடங்கள் எல்லாப் பிள்ளைகளும் ஒரு தன்மையர் எனக் கொண்டன. சமிக்ஞை தேடிப் பாறைகளில் ஏறிய பிள்ளைகளின் படங்களை அக்காலப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவை இரங்கத்தக்கனவாகப் பேசப்பட்டன. திட்டமிடலின் குறையாகப் பேசப்பட்டது அரிது. காம்பராவில் உள்ள ஒரே தொலைபேசி பகலிற் பெற்றோருடன் மலைக்குப் போய்விடுமெனின், மாலையிற் கேட்கத்தக்க இரண்டு நிமிடக் குரற்செய்தியே அங்கு உரிய தொழில்நுட்பம். அலகுத் திட்டத்தில் 'தர உள்ளீடுகள்' என்ற பகுதி ஈற்றில் நிரப்பப்படும் வரை இவ்வுண்மை புலப்படாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். அதனை இலேசாக ஒதுக்குதல் கூடாது. பிள்ளை தேயிலையை விட்டு நீங்கவேண்டும் என்பதற்காகவே பெற்றோர் அதனைப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர், வகுப்பறையிலும் கொழுந்துதானா? 1972இன் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பெற்றோர் ஐயத்தோடு நோக்கியமைக்குக் காரணம் இதுவே. 1977க்குப் பின்னர் அவை கைவிடப்பட்டன. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் இயங்கிய தோட்டப் பாடசாலைகள் எழுத, வாசிக்க, எண்ண என்ற மட்டத்தில் நின்றமையும் மறக்கத்தக்கதன்று. எனினும் நிறுவைத் துண்டை வாசிக்கும் பிள்ளை கொழுந்து பறிக்கப் பழகவில்லை. கணக்குக் கேட்கவே பழகுகின்றது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாத அலகு பெற்றோரின் ஐயத்துக்கு உரியதே.

இதனிலும் கடினமான வினா ஒன்றுண்டு. பிள்ளையின் கூட்டலும் தோட்டத்துத் துண்டும் வேறுபடுமாயின், ஆசிரியர் யாது சொல்வார்? பல பாடசாலைகள் தோட்ட நிலத்தின் நடுவே அமைந்தவை; ஆசிரியர் பலரும் அதே லயங்களிற் பிறந்தவர்கள். மறுநாட் காலையில் அத்துண்டோடு தாயே பாடசாலை வாசலுக்கு வரவுங்கூடும்.