கேம்பிரிட்ஜுக்கும் குர்ஆனுக்கும் இடையில்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இஸ்லாமிய சர்வதேசப் பாடசாலைகள் பல இயங்கி வருகின்றன. பிரித்தானியப் பாடத்திட்டம், ஆங்கிலப் போதனை, குர்ஆன் மனனம், அரபு ஆகிய யாவும் அவற்றின் விளம்பரங்களில் ஒரே மூச்சிற் கூறப்படுகின்றன. இச்சேர்க்கையை மதவாதமென்று தூற்றுவோர் நம் அணியிலும் உளர். அவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. பிள்ளை தொழுகையையும் மறவாது விஞ்ஞானமும் கற்கவேண்டுமென்று பெற்றோர் விரும்புவதிற் குற்றம் யாது? கிறிஸ்தவ மிஷன்கள் இதே காரியத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் செய்தன. அதற்கு நாகரிகம் என்று பெயர் வழங்கிற்று.

சேர்க்கை புதியதுமன்று. மிஷன் பாடசாலைக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடுமென்று அஞ்சி ஒதுங்கியிருந்த சமூகத்தை நவீன கல்வியின்பால் ஈர்த்தவர் சித்திலெப்பை. 1892இல் மருதானையில் தோன்றிய ஸாஹிறாக் கல்லூரி அந்த அச்சத்துக்குக் கிடைத்த விடையாகும். ஆனால், சித்திலெப்பை தம் மக்களோடு பேசிய மொழி எது? 1882இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' தமிழ்ப் பத்திரிகை. 1885இல் வெளிவந்த 'அசன்பேயுடைய கதை' தமிழ் நவீனம். ஆங்கிலம் கற்குமாறு அவர் வற்புறுத்தியதும் தமிழிலேதான்.

இன்றைய சேர்க்கையிலோ தமிழுக்கு இடம் இரண்டாம் மொழி என்ற ஓரத்தில், அதுவும் கிடைத்தாற்றான். கேம்பிரிட்ஜ் பரீட்சைகளில் 'இஸ்லாமியத்' என்றொரு பாடமும் உண்டு. ஆகவே மார்க்க அறிவுக்குக்கூடக் கடல்கடந்து, ஆங்கிலத்தில், புள்ளி வந்துசேரலாம். அரபுத்தமிழில் மார்க்க நூல்களை எழுதிக் குவித்த ஒரு சமூகத்தின் கதை இது!

அரபு கற்கிறார்களே என்பர். மனனத்துக்குரிய அரபும் வாழும் அரபிலக்கியமும் வேறு வேறு. எம். ஏ. நுஃமான் 1981இல் 'பலஸ்தீனக் கவிதைகள்' என்று தமிழாக்கித் தந்தார். பலஸ்தீனத்துக்காக உருகும் இம்மாணவன் அக்கவிதைகளை அரபிற் சுவைக்கப் பயிலவில்லை. தமிழிற் படிக்கவும் அவனால் இயலாது. கல்முனைக்குடியிலிருந்து எழுந்த அக்குரல் கொழும்பிலேயே அந்நியமாகிறது.

இனிப் பணம். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின்கீழ்க் கொணர்ந்தன. புதிய தனியார் பாடசாலைகளுக்கும் தடை விதித்தன. 1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தில், பாடசாலை என்ற பெயரில் திறக்க முடியாததைக் கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிந்து திறந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி வசதிபடைத்தோர் அனைவரும் கண்டெடுத்த வாசல் அது. ஒற்றுமை அங்கேதான் நிலவுகிறது!

பெற்றோரை மாத்திரம் நோவது நியாயமன்று. தமிழ்மொழிமூல அரசாங்கப் பாடசாலைகள் பலவற்றில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாது. ஆங்கில ஆசிரியர் நிலையும் அதுவே. ஆனால், கட்டணம் செலுத்தக்கூடியவர்கள் வெளியேறியபின், அந்த வெற்றிடங்களை நிரப்பும்படி கல்வித் திணைக்களத்தில் வாதாட எஞ்சியிருப்பவர் யார்? கடைச் சிப்பந்தியும் நாட்டாமைத் தொழிலாளியுமே. அவர்களோ ஒரு நாட்கூலியை இழந்துதான் அந்த வாசற்படியை மிதிக்க முடியும்.