பால்பல் விழும் வயதில் பல் கம்பி வேண்டுமா?

குழந்தைக்கு 7 வயது ஆவதற்குள் ஒரு முறையாவது பல்சீரமைப்பு மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. அதற்கு நியாயம் உண்டு. அந்த வயதில் பால்பற்களும் நிலைப்பற்களும் கலந்து இருக்கும். முதல் கடைவாய்ப்பல் வந்திருக்கும், முன்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் எப்படிப் பொருந்துகின்றன என்பதும், இனி வரவேண்டிய பற்களுக்கு இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே ஓரளவு புலப்பட்டுவிடும். ஆனால் 'சீக்கிரம் காட்டுங்கள்' என்ற ஆலோசனை 'சீக்கிரம் கம்பி போடுங்கள்' என்று திரிந்துவிடும்போது சிக்கல் தொடங்குகிறது. சீக்கிரம் காட்டுவது எல்லாக் குழந்தைகளுக்கும் நல்லது. சீக்கிரம் கம்பி போடுவதால் சிலருக்கு மட்டுமே பலன். இதை மருத்துவ ஆய்வுகளே காட்டுகின்றன.

காத்திருந்தால் கைநழுவிப் போகும் குறைகள் சில உண்டு. மேல்தாடை குறுகிப்போய் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறமாகக் கடித்தால், குழந்தை கீழ்த்தாடையை ஒரு பக்கம் ஒதுக்கியே மெல்லப் பழகும். அண்ணத்தின் நடுவில் இரண்டு எலும்புகள் சேரும் இடம் சிறு வயதில் இறுகியிருக்காது என்பதால், திருகு வைத்த கருவியால் தாடையை எளிதாக விரிக்கலாம். வளர்ச்சி முடிந்தபின் அதற்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கீழ்த்தாடை முந்தி நிற்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் மேல்தாடையை முகத்தில் அணியும் கருவியால் முன்னோக்கி இழுத்துப் பார்த்தது ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. 6 ஆண்டுகள் கழித்து, சிகிச்சை பெறாதவர்களில் 66 சதவீதத்தினருக்குத் தாடை அறுவை தேவை என்று மதிப்பிடப்பட்டது. சிகிச்சை பெற்றவர்களில் அது 36 சதவீதம்தான். சில சமயம் கருவிகூட வேண்டியதில்லை. வழிதவறி அண்ணப் பக்கம் போன 46 கோரைப்பற்களைச் சுவீடனின் எரிக்சனும் குரோலும் ஆராய்ந்து 1988இல் முடிவை வெளியிட்டார்கள். பால் கோரைப்பல்லைப் பிடுங்கிய பிறகு அவற்றில் 36 தாமாக நேர்வழிக்குத் திரும்பியிருந்தன.

ஆனால் பெற்றோரை அதிகம் கவலைக்குள்ளாக்குவது இவையல்ல, மேல்வரிசை துருத்தி நிற்கும் எத்துப்பல்தான். வளரும் தாடையை வளைத்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இதற்கு 8, 9 வயதிலேயே சிகிச்சை தொடங்குவது வழக்கமாயிற்று. வட கரோலினா, புளோரிடா, பிரிட்டன் ஆகிய இடங்களில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் முன்னதாகச் சிகிச்சை பெறுவோர், காத்திருப்போர் எனப் பிரித்து இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களின் பற்கள் உள்வாங்கின. ஆனால் இரு பிரிவினரும் பதின்ம வயதில் முழுச் சிகிச்சையை முடித்தபோது, தாடைப் பொருத்தத்திலோ பற்களின் வரிசையிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முன்னதாகத் தொடங்கியவர்கள் இரண்டு கட்டச் சிகிச்சை, கூடுதல் செலவு, கூடுதல் ஆண்டுகள் என்று சுமந்தார்கள். கருவியைச் சரியாகத் துலக்காவிட்டால் பல் சொத்தையாகும் ஆபத்தும், குழந்தை சலித்துப்போய் இரண்டாம் கட்டத்துக்கு ஒத்துழைக்காமல் போகும் வாய்ப்பும் இதில் சேரும்.

அப்படியானால் எத்துப்பல்லுக்கு முன்கூட்டிய சிகிச்சையே கூடாதா என்று கேட்கலாம். அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு ஒரு நன்மையை உறுதி செய்தது: விழுந்தோ இடித்தோ முன்பல் உடைவது ஏறத்தாழ 100க்கு 30 என்பதிலிருந்து 20ஆகக் குறைந்தது. பல் மிகவும் துருத்திய, ஓடியாடி விழுந்தெழும் குழந்தைக்கு இது சிறிய விஷயமல்ல. பள்ளியில் கேலிக்கு ஆளாகிக் குறுகிப்போகும் பிள்ளையின் துயரத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். முன்கூட்டிய சிகிச்சை முடிந்த கையோடு பிள்ளைகளின் தன்மதிப்பு கூடியதை எத்துப்பல் குறித்த பிரிட்டிஷ் ஆய்வு பதிவு செய்தது. ஆகவே விதிவிலக்குகள் உண்டு. அவற்றையே பொதுவிதியாக்குவதுதான் தவறு. முன்பற்களுக்கிடையே 8 வயதில் தெரியும் இடைவெளி பெரும்பாலும் இயல்பான வளர்ச்சிப் பருவம். கோரைப்பல் இறங்கும்போது அது பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான வாதம், 'விழப்போகிற பல்தானே, எல்லாம் முளைக்கட்டும்' என்பது. இதுவும் தீங்கானதே. பால் கடைவாய்ப்பல் 10, 11 வயதுவரை இருந்து, அடுத்து வரும் பல்லுக்கு இடம் காக்கிறது. சொத்தையால் அதை முன்கூட்டியே இழந்தால், பின்னால் நிற்கும் நிலைப்பல் முன்னுக்கு நகர்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும். பால்பல் சொத்தையை அடைப்பதும், பல் போய்விட்டால் இடம் காக்கும் சிறு வளையத்தைப் பொருத்துவதும், 4 வயதைத் தாண்டியும் விரல் சூப்பும் பழக்கத்தைப் பரிவோடு நிறுத்துவதும் எளிய, செலவு குறைந்த முன்கூட்டிய பராமரிப்பு. பல குழந்தைகளுக்குப் பிற்காலக் கம்பியின் சுமையையே இவை குறைத்துவிடும்.

எனவே 7 வயதுப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஆனால் அன்றே சிகிச்சைக்குத் தலையாட்டிவிடவும் வேண்டியதில்லை. மருத்துவரிடம் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதே பலன் 12 வயதில், ஒரே சிகிச்சையில் கிடைக்காதா?" கிடைக்காது என்பதற்குத் தெளிவான காரணம் சொல்லப்பட்டால், தயங்காமல் தொடங்கலாம். கிடைக்கும் என்றால், ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை காட்டிக்கொண்டு காத்திருப்பதே அந்தக் குழந்தைக்குச் செய்யும் நல்ல மருத்துவம்.