மலைவளம் என்னும் சொல்லாட்சி : பரிமேலழகர் உரையும் சேர்வராயன் மலையும்

திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்தின் ஏழாங்குறள் நாட்டிற்கு உறுப்பாவன இவை என எண்ணுகின்றது. இருவகைப் புனலும், மலையும், மலையினின்று வரும் புனலும், அரணும் ஆண்டு எண்ணப்படுகின்றன. இவற்றுள் மலைக்கு ‘வாய்ந்த’ என்னும் அடையை ஆசிரியர் கொடுத்துள்ளார். மலை யாவும் நாட்டிற்கு உறுப்பாகா. வாய்ந்த மலையே உறுப்பாம் என்பது கருத்து. வாய்த்தலாவது யாது என்னும் வினாவிற்குப் பரிமேலழகர் மூன்று விடைகள் கூறுகின்றார். நாட்டின் இடையே கிடவாது ஒரு பக்கத்ததாதல் ஒன்று. தனக்குரிய வளத்தைத் தருதல் ஒன்று. மாரிக்காலத்தில் தான் உண்ட நீரைக் கோடையில் உமிழ்தல் ஒன்று.

உரையாசிரியர் இவற்றை எண்ணும்மையால் தொடுத்துள்ளமை கருதத்தக்கது. வளம் தந்தும் நீர் உமிழாத மலை வாய்ந்ததாகாது. நீர் உமிழ்ந்தும் வளம் தராத மலையும் அன்னதே. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றாக நில்லாது. இவ்வுரைப் பகுதியை வகுப்பில் நாமும் பல ஆண்டுகள் விரைந்தே கடந்துள்ளோம். தன் வளத்தைத் தருவதனாலேயே ஒரு மலை நீர் உமிழும் ஆற்றலை இழக்கக்கூடும் என்னும் நிலை அவ்வுரை எழுந்த காலத்தில் இல்லை. ஆதலின் அது நமக்கு ஓர் அழகிய விளக்கமாக மட்டுமே தோன்றிற்று. அந்நிலை உண்மையாகவே நேர்ந்த மலை ஒன்றை அருகில் வைத்துப் படிக்குங்கால் உரையின் நுட்பம் வேறு வகையாக விளங்குகின்றது. சேலத்திற்கு வடகிழக்கே நிற்கும் சேர்வராயன் மலையே நாம் கருதும் மலை.

ஏற்காடு கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேர்வராயன் கோயில் அமைந்த உச்சி 1,600 மீட்டரையும் கடந்தது. மலையின் அடிப்பாறை சார்னோக்கைட்டு எனப்படும் ஒருவகைக் கருங்கல். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைமேல் இட்ட கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலந்து வழங்கிய பெயர் இது. அக்கல் சென்னையை அடுத்த பரங்கிமலையினின்று சென்றது என்பர். நம் மலைகளின் தாய்ப்பாறை கல்கத்தாக் கல்லறை ஒன்றின் பெயரால் உலகில் வழங்குவது ஒரு வேடிக்கையே.) இக்கருங்கல்லின்மேல் உச்சித் தட்டைகளில் செந்நிறக் கல் ஒன்று போர்வைபோல் கிடக்கின்றது. நெடுங்காலம் பெய்த மழை பாறையில் உள்ள மணற்சத்து, சுண்ணச்சத்து முதலியவற்றைக் கரைத்துச் செல்ல, அலுமினியச் சத்தும் இரும்புச் சத்தும் எஞ்சி இறுகியதே இக்கல். பாக்சைட்டு என்பது இதன் பெயர். இதனைக் கையில் எடுத்துப் பார்ப்பார்க்கு இதன் உடல் முழுதும் நுண்ணிய துளைகள் உண்மை புலனாகும். மழைநீர் இத்துளைகளின் வழியே இறங்குகின்றது. அடியிலுள்ள கருங்கல் அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. நின்ற நீர் மெல்ல மெல்லப் பக்கங்களில் ஊற்றாய்க் கசிகின்றது. மாரியில் உண்டு கோடையில் உமிழ்தல் என உரையாசிரியர் கூறியது அணிநயம் அன்று. தொழிற்படும் முறையையே அவர் கூறியுள்ளார். உண்ணும் வாயும் தேக்கும் வயிறும் இச்செங்கல் போர்வையே ஆகும். திருமணிமுத்தாறும், சரபங்கா ஆறும், வடபால் இறங்கும் வாணியாறும் இம்மலைத் தொகுதியில் பிறப்பன.

நூலறிவு இல்லாதார் எனப்படும் மலைவாழ் மக்களும் இவ்வுண்மையைத் தம் வழியில் கூறியுள்ளனர். இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள். மலையை ஆள்வோர் என்பதே இப்பெயர்க்குப் பொருள். கேரள நாட்டினரோடு மயங்குதல் கூடாது. தம் முன்னோர் காஞ்சியினின்று போந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் அவர்களிடையே வழக்கு உண்டு. அவர்கள் வழிபடும் சேர்வராயன் உச்சியில் ஒரு குகையினுள் இருக்கின்றான். அவனோடு உடன் உறையும் தெய்வம் காவேரியம்மன். காவிரியாறு மேற்கே மேட்டூர்ப் பக்கம் ஓட, அவ்வாற்றின் தெய்வம் மலையுச்சியின் குகையுள் இருப்பானேன்? குகை காவிரிவரை செல்கின்றது என்பர் அம்மக்கள். இக்கூற்றை நிலநூல் கொண்டு அளத்தல் வேண்டா. ஆறு மலையின் வயிற்றில் இருக்கின்றது என்னும் கருத்தே ஈண்டுத் தெய்வ வடிவு பெற்றது. பரிமேலழகர் உரையையும் இக்குகை வழிபாட்டையும் ஒருங்கு வைத்துக் காண்பார்க்கு ஏட்டு மரபும் நாட்டு மரபும் இவ்விடத்தில் வேறுபடவில்லை என்பது தெளிவாம்.

இனி வளம் என்னும் சொல்லை நோக்குவோம். வளர் என்னும் வினையோடு இஃது உறவுடையது. வளர்வதும் மீள விளைவதும் இச்சொல்லின் உள்ளீடு. பாரியின் பறம்புமலையைக் கபிலர் பாடிய புறப்பாட்டு (109) இதற்குத் தக்க சான்று. மூவேந்தர் முற்றுகையிட்டும் மலையைக் கொள்ளல் அரிது என்பதற்குக் கபிலர் காட்டும் காரணங்களுள் முதன்மையானது உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கு பயன்களாகும். அவை மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பன. முற்றுகை எத்துணை நீளினும் இவை குறையா. எடுக்க எடுக்க மீள வருவன. முற்றுகையிட்ட பகைவர்க்கு அச்சம் தருவது இம்மீட்சியே. பறம்பின்கண் பொன்னும் மணியும் புதைந்து கிடந்தன என்று கபிலர் பாடியிருப்பின் பாட்டின் வாதமே சிதைந்திருக்கும். புதையல் முற்றுகைக்கு விடையாகாது. இந்நுட்பத்தை உரைகள் போதிய அளவு எடுத்துக் காட்டவில்லை என்பது நம் கருத்து.

இத்தகைய சொல்லோடு ‘கனிம’ என்னும் அடை சேர்ந்தது அண்மைக் காலத்து வழக்கு. கனி என்பது சுரங்கத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. தமிழில் பழத்தைக் குறிக்கும் சொல்லும் எழுத்தளவில் அதனோடு ஒத்தமையால் மயக்கம் இரட்டிக்கின்றது. ‘கனிம வளம்’ என்னும் தொடரைக் கேட்கும் மாணாக்கன் பழுத்து உதிரும் ஒன்றனையே உள்ளத்தில் காண்கின்றான். பள்ளி நூல்கள் காட்டு வளம், நீர் வளம், கனிம வளம் என ஒருநிரலில் அடுக்குகின்றன. முன்னைய இரண்டும் மீள்வன, மூன்றாவது மீளாதது. இலக்கண முறையில் கூறின், ஒரே சொல் இரு வேறு பொருள்களின்மேல் நின்று அவற்றை ஒரு தன்மையவாகக் காட்டுகின்றது. இம்மயக்கத்தால் நேர்ந்தது சொற்பிழை மட்டும் அன்று.

மலையின் அடிவாரத்தில் ஓமலூர்ச் சாலையை ஒட்டிய கரடுகளை ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்றுகள் என்று பொருள்படத் தம் மொழியில் வழங்கினர். அங்கே வெண்ணரம்புபோல் ஓடும் கல் சுண்ணாம்பு அன்று, மேக்னசைட்டு. வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் சேலம், திருச்சி, தென்னார்க்காட்டு நிலவியல் பற்றி 1864இல் வெளியிட்ட நூலில் இக்குன்றுகள் இடம்பெற்றுள்ளன. (பல்லாவரத்தில் பழைய கற்கருவியை 1863இல் கண்டெடுத்த ஃபூட் இவரே.) உள்ளூரார் அதனை வெள்ளைக்கல் என்றனர். இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவர்க்குரிய செங்கல் செய்ய இக்கல் பயன்பட்டமையால் இருபதாம் நூற்றாண்டு முழுதும் இக்குன்றுகள் வெட்டப்பட்டன. குன்று இருந்த இடத்தில் ஆழ்குழியும், குழியருகே கழிகல் மேடும் ஆக நிலத்தின் வடிவே மாறிற்று. ஊர்ப்பெயர்கள் இம்மாற்றத்தைப் பதிந்து வைத்துள்ளன. வெள்ளக்கல்பட்டி என்பது கண்ணால் கண்ட நிறம்பற்றி எழுந்த பெயர். அணித்தே உள்ள புகைவண்டி நிலையத்தின் பெயர் மேக்னசைட் சந்திப்பு. இது வாணிகம் இட்ட பெயர். பேருந்து நிறுத்தம் ஒன்று டால்மியா போர்டு என வழங்குகின்றது. நிறுவனத்தின் பெயர்ப்பலகையே இடப்பெயராயிற்று. நிறம், சரக்கு, பலகை என்று பெயரின் அடிப்படை பெயர்ந்து வந்த வரலாறு மூன்று கல் தொலைவிற்குள் கிடக்கின்றது.

இரும்பின் கதையைச் சுருங்கக் கூறுவோம். சேலத்து இரும்பை நம்பி ஜோசையா மார்ஷல் ஹீத் 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் உருக்காலை நிறுவினார். மரக்கரியால் உருக்கிய காலம் அது. ஆதலின் இரும்பு வெட்டிய மலையைக் காட்டிலும் கரிக்காக வெட்டுண்ட காடுகளே மிகுதியும் இழந்தன. ஆலை நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர்ச் சேலம் உருக்காலை வேண்டும் என்னும் கோரிக்கை தமிழர்தம் உரிமைக்குரலாகவே ஒலித்தது. 1967 சூலை 23ஆம் நாள் அதற்கென எழுச்சி நாளாகக் கொண்டாடப்பட்டது. 1970இல் அடிக்கல் இடப்பட்டது. மேடைப் பேச்சுக்களில் கஞ்சமலை இரும்பு நம் வளம் என்பது பல்லவியாயிற்று. ஆலை எழுந்தபோது அது துருப்பிடியா எஃகுத் தகடு செய்யும் ஆலையாக அமைந்தது. வேற்றிடத்து எஃகே அங்கு வந்து தகடாயிற்று. கஞ்சமலை நின்றபடியே நிற்கின்றது. நம் காலத்துச் சொற்பொழிவு இலக்கியத்தை ஆராய்வோர் வளம் என்னும் சொல் உரிமை என்னும் பொருளை ஏற்ற இடம் இதுவெனக் கொள்ளலாம்.

பாக்சைட்டிற்கு வருவோம். 1960இல் தோன்றிய மதராஸ் அலுமினியம் கம்பெனி, 1965இல் மேட்டூரில் தன் ஆலையை இயக்கிற்று. அதற்குரிய கல் சேர்வராயன் மலையினின்றும் கொல்லிமலையினின்றும் சென்றது. வல்வில் ஓரியின் கொல்லியும் இவ்வரிசையில் சேர்ந்ததைச் சங்க இலக்கியம் கற்போர் நினைவிற் கொள்க. ஒரு டன் அலுமினியத்திற்கு ஏறத்தாழ நான்கு டன் பாக்சைட்டு வேண்டும். எஞ்சுவதில் பெரும்பகுதி செஞ்சேறு. அது காவிரிக்கரை மேட்டூரில் தேங்கிற்று. 1995இல் ஆலை கைம்மாறியது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் இம்மலைகளில் வெட்டுதல் நின்றது; உருக்குலையும் அணைந்தது. சுரங்க இசைவு பற்றிய எதிர்ப்பும் உலகச் சந்தையில் அலுமினிய விலை வீழ்ச்சியும் ஒருங்கு கூடிய காலம் அது. சுரங்கம் இருந்த நாளில் கூலிபெற்ற மலைமக்களும் உண்டு. ஆலை மூடியதால் வேலையிழந்த மேட்டூர்க் குடும்பங்களும் உண்டு. இவற்றை மறைத்துரைப்பது ஆராய்ச்சி நெறி ஆகாது.

நம் கருத்திற்கு எதிராகச் சிலம்பு ஒரு தடை தருகின்றது. காட்சிக்காதையில் குன்றக்குறவர் செங்குட்டுவனுக்குக் கொணர்ந்த பொருள்களுள் யானைத்தந்தம், அகில், சந்தனம், தேன் என்பவற்றோடு சிந்துரமும் அஞ்சனமும் அரிதாரமும் எண்ணப்படுகின்றன. இவை மண்ணினின்று எடுப்பன. ஆகவே பழந்தமிழர் கனிமத்தையும் மலைவளத்துள் அடக்கினர் என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாதம் நேரியதே, தோண்டி எடுத்தல் குறிஞ்சிக்குப் புறம்பு என யாமும் கூறேம். ஆயின் இளங்கோவடிகள் அப்பொருள்கள் வந்த முறையையும் உடன் கூறுகின்றார். மலைமக்கள் அவற்றைத் தலைமேல் சுமந்து வந்தனர். எடுத்தவரும் சுமந்தவரும் மலையில் வாழ்வோரே. அளவும் தலைச்சுமை அளவே. அளவு மாறுமிடத்துப் பொருளும் மாறும் என்பதை இவ்வொப்பீட்டில் விடுதல் ஆகாது.

வெட்டுண்ட மலையைப் பாலை என்று கூறலாமே எனின், அதுவும் பொருந்தாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று காடுகாண் காதை கூறுவது வேனிலின் வெம்மையால் நேரும் திரிபு. மழை பெய்யின் பாலை மீண்டும் முல்லையாம். திணைக் கோட்பாட்டில் பாலை ஒரு பருவம். மீளும் வழி உடையது. உச்சிப் போர்வை அகற்றப்பட்ட மலைக்கு அவ்வழி இல்லை. பெய்யும் மழை அங்கே நில்லாது வழிந்தோடும். முதற்பொருளாகிய நிலமே பெயர்க்கப்படும் நிலைக்குத் தொல்காப்பியர் வகுத்த ஐந்திணையுள் இடம் இல்லை. பழைய பெயர் ஒன்றை இழுத்துப் போர்த்துவது திறனாய்வாகாது. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் காப்பி நட்டதனால் சேர்வராயன் மலையின் கருப்பொருள் மாறிற்று. அது பெரிய மாற்றமே. ஆயின் காப்பித் தோட்டம் நிலத்தின்மேல் நிற்பது; சுரங்கம் அவ்வாறன்று.

வெட்டிய இடங்களை மூடி மரம் நட்டுவிட்டால் மலை பழைய நிலையை எய்தும் என்பாரும் உளர். மரம் நடுதல் நன்றே. பரிமேலழகர் கூறிய இரண்டாம் இயல்பு அதனால் ஒருவாறு மீளலாம். தேனும் பழமும் மீண்டும் கிடைக்கலாம். மூன்றாம் இயல்பு மரத்தைப் பொறுத்தது மட்டும் அன்று, துளையுடைக் கல்லைப் பொறுத்தது. ஆதலின் சேர்வராயன் மலையில் களப்பணி மேற்கொள்ளும் மாணாக்கர் நட்ட மரங்களை எண்ணுவதோடு அமையாது, வெட்டிய தட்டைகளின் கீழுள்ள சிற்றூர்களில் சித்திரை, வைகாசித் திங்களில் எந்த ஊற்று ஓடுகின்றது, எது ஓடவில்லை, முன்னர் ஓடியதாக முதியோர் கூறுவது எது என்பவற்றையும் ஊற்றின் பெயரோடு எழுதிக் கொணர்தல் வேண்டும்.